ஸ்டீயரிங்கில் ஆட்டமா? மாற்றுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஸ்டீயரிங் லூஸாக இருக்கிறது என்று சொன்னதும் பெரும்பாலும் முதலில் நடப்பது வீல் அலைன்மெண்ட். அதில் சரியாகவில்லை என்றால் டை ராட் எண்ட் இரண்டும் மாறும், அப்புறம் லோயர் ஆர்ம், கடைசியில் ரேக்கே போய்விட்டது என்பார்கள். இத்தனையும் மாற்றிய பிறகு ஒரு போல்ட் லூஸாக இருந்தது தெரியவந்தால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! அலைன்மெண்ட் என்பது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை. தேய்ந்த ஜாயிண்ட்டை அது இறுக்காது. ஆட்டம் உள்ள வண்டியில் செய்யும் அலைன்மெண்ட்டும் நிற்காது, ஏனென்றால் மெஷினில் பார்த்த கோணம் ரோட்டில் அப்படியே இருப்பதில்லை.

எனவே இந்த வேலையில் கேள்வி ஒன்றுதான். உங்கள் கை ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது, ஆனால் அந்த அசைவு டயர் வரை போய்ச் சேரவில்லை, அப்படியானால் வழியில் எந்த இடத்தில் அது காணாமல் போகிறது? ரேக் வகை வண்டியில் அந்த வழி இப்படிப் போகும்: ஸ்டீயரிங், காலம் ஷாஃப்ட் (ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டு, அதைத் தாங்கும் உறைதான் ஸ்டீயரிங் காலம்), ஒன்றோ இரண்டோ யு-ஜாயிண்ட் (தண்டு மடங்கும் இடத்திலும் சுற்றலைக் கடத்தும் இணைப்பு), ரேக்குக்குள் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது இடமும் வலமும் தள்ளும் பற்கள் வைத்த தண்டான ரேக், உள்பக்க ஜாயிண்ட் (ரேக் எண்ட் என்பார்கள்), டை ராட், வெளிப்பக்க டை ராட் எண்ட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், வீல் பேரிங், கடைசியாக டயர். நக்கிளை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் பால் ஜாயிண்ட் (குழிக்குள் உருண்டை சுழலும் இணைப்பு), லோயர் ஆர்ம் (நக்கிளைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) முனையில் உள்ள ரப்பர் புஷ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா இருந்தால் ஆட்டம் அங்கேதான்.

எந்த மாதிரி லூஸ்?

லூஸ் என்ற ஒரே சொல்லில் நாலைந்து விதமான தொல்லைகளைச் சொல்கிறோம். முதலில் அதைப் பிரியுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங்கை நடுவில் கொஞ்சம் இடமும் வலமும் ஆட்டினாலும் வண்டி கண்டுகொள்ளவில்லை, அதைத் தாண்டித் திருப்பினால்தான் கேட்கிறது என்றால் அது உண்மையான ஆட்டம், அதாவது மெக்கானிக்குகள் பிளே என்று சொல்வது. ஸ்டீயரிங் டைட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி தானாக அப்படியும் இப்படியும் அலைகிறது என்றால் டயர், அலைன்மெண்ட், புஷ் பக்கம் யோசியுங்கள். குறிப்பாக டோ அவுட் ஆகியிருக்கும், அதாவது முன் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருக்கும் வண்டி, ஆட்டம் எதுவுமே இல்லாமலும் அலையும். ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறதா? பெரும்பாலும் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். திருப்பிவிட்டு விட்டால் தானாக நடுவுக்கு வரவில்லை என்றால் எங்கேயோ பிடிக்கிறது என்று அர்த்தம், அது லூஸுக்கு நேரெதிரான கோளாறு.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கம், விட்டதும் மறுபக்கம் இழுத்தால், அல்லது பிரேக்கில் கால் வைத்த உடனே வண்டி ஒரு பக்கம் நகர்ந்தால், லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்தான் எனக்கு முதல் சந்தேகம். ஸ்டீயரிங் பக்கம் எத்தனை பார்ட் மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது.

ஜாக்கியை எடுப்பதற்கு முன்

வீல் நட்டுகளை முதலில் பாருங்கள். சமீபத்தில் பஞ்சர் போட்டிருந்தால், டயர் மாற்றியிருந்தால், இதைச் செய்யாமல் வண்டியை எடுக்கவே வேண்டாம். நட் லூஸான சக்கரம் தேய்ந்த ஜாயிண்ட் மாதிரியே ஆடும், ஆனால் அதைவிடச் சீக்கிரம் ஆபத்தில் கொண்டுபோய் விடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் மேனுவலில் உள்ள அளவுக்கு, ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்காக இறுக்குங்கள்.

அடுத்தது காற்று. டிரைவர் கதவை ஒட்டிய தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வளைந்துகொடுக்கும், அதனால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி தாமதமாகவே கேட்கும். அது அப்படியே பிளே மாதிரி இருக்கும். புது டயர் போட்ட சில நாட்களுக்கும் இப்படி ஒரு குழைவு தெரியலாம், முழு ஆழத்தில் இருக்கும் டிரெட் பிளாக்குகள் வளைவதால் வருவது அது. டயர்தான் என்று சந்தேகம் வந்தால் முன் சக்கரங்களை அதே பக்கத்தில் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள் (முன்னும் பின்னும் ஒரே சைஸாக இருந்தால் மட்டும்). உணர்வு மாறிவிட்டால் குற்றவாளி டயர்தான்.

டயரைப் பார்க்கும்போதே தேய்மானத்தையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது வழவழவென்றும், வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பம் மாதிரி குத்துவதுமாக இருந்தால் டோ மாறியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் தேய்ந்த டை ராட்டாகவும் இருக்கலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எவ்வளவு ஆட்டம் என்று அளப்பது

சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சினை ஆன் செய்தே அளக்க வேண்டும். காரணம் இருக்கிறது: ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் பினியனுக்கு மேலே டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய கம்பி உண்டு, கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் அது வால்வைத் திறக்கும். எஞ்சின் ஆஃப் ஆக இருந்தால் அந்த முறுக்கல் கையில் ஆட்டமாகவே தெரியும், நல்ல ரேக்கையும் சந்தேகப்பட வைக்கும். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கிலும் டார்ஷன் பார் உண்டு, அதற்கும் இதே முறைதான். திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் ஒரு டேப் துண்டை ஒட்டி, டேஷ்போர்டில் அதற்கு நேராக ஒரு அடையாளம் வையுங்கள். ஒரு விரலால் மெதுவாக இடப்பக்கம் தள்ளுங்கள், முன் டயர் அசையத் தொடங்கும் நொடியில் நிறுத்துங்கள். டயரை வெளியே இருந்து இன்னொருவர் பார்ப்பது நல்லது. வலப்பக்கமும் அப்படியே. இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் டேப் நகர்ந்த தூரம்தான் பிளே. பல கார்களின் சர்வீஸ் மேனுவல் 30 மி.மீ. வரை அனுமதிக்கும், உங்கள் வண்டிக்கான எண் அதன் மேனுவலில் இருக்கும். என் கருத்தைக் கேட்டால், ரேக் வகை வண்டியில் 30 வரை காத்திருக்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ரேக்கில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், முன்பு இல்லாத ஆட்டம் இப்போது வந்திருக்கிறது என்பதே தேடுவதற்குப் போதுமான காரணம்.

அப்படியே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், உங்களை நோக்கியும் தள்ளியும் ஆட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் காலம் மொத்தமும் அசைந்தால் டில்ட் லிவர் (ஸ்டீயரிங் உயரத்தை மாற்றும் கைப்பிடி) சரியாகப் பூட்டாமல் இருக்கலாம், காலத்தைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது காலம் பேரிங் போயிருக்கலாம்.

வண்டி தரையில் நிற்கும்போதே: இதுதான் முக்கியமான சோதனை

நிறைய பேர் நேராக ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தேவைதான், ஆனால் அதற்கு முன்னால் வண்டியின் எடை டயர் மேல் இருக்கும்போதே பார்க்க வேண்டும், ஏனென்றால் ரோட்டில் ஜாயிண்ட்டுகள் வேலை செய்வது அந்த எடையோடுதான். இரண்டு பேர் வேண்டும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல் அல்லது பார்க், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. எஞ்சின் ஓடட்டும். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து இடம் வலமாகச் சின்னதாக, டக் டக்கென்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுசாகத் திருப்பக் கூடாது, டயர் லேசாக முறுக்கிக்கொள்ளும் அளவு போதும். பள்ளம் வைத்த இடமோ ஏற்றி நிறுத்தும் ராம்ப்போ இருந்தால் வசதி, இல்லையென்றால் வீல் ஆர்ச் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது, டயருக்கும் பாடிக்கும் நடுவிலும் விரலை விட வேண்டாம்.

வெளிப்பக்க டை ராட் எண்டிலிருந்து தொடங்குங்கள். ஜாயிண்ட்டின் உடலும் அது மாட்டியிருக்கும் நக்கிளின் கையும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி ஒரு விரலை வையுங்கள். நல்ல ஜாயிண்ட்டில் இரண்டும் ஒன்றாகவே நகரும், விரலுக்கு வித்தியாசம் தெரியாது. தேய்ந்ததில் டை ராட் முதலில் நகரும், ஒரு கணம் கழித்து ஒரு சின்ன டொக்கோடு நக்கிள் வரும், அந்தத் தட்டல் விரல் நுனியில் நன்றாகத் தெரியும். கண்ணுக்கும் அடையாளம் உண்டு: ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் சப்பி மறுபக்கம் புடைக்கும், பூட் கிழிந்திருந்தால் சுற்றிலும் அழுக்கு கலந்த கிரீஸ் ஒரு வளையமாக அப்பியிருக்கும். ஜாயிண்ட்டின் உடல் தன் அச்சில் கொஞ்சம் உருள்வது மட்டும் கோளாறு ஆகாது, அது சுழலத்தான் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் தேடுவது தூக்கிப் போடுவது மாதிரி வரும் இடைவெளியை.

அப்புறம் டை ராட்டைத் தொடர்ந்து உள்ளே வாருங்கள். உள்பக்க ஜாயிண்ட் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும். பூட்டை வெளியிலிருந்து அமுக்கி உள்ளே இருக்கும் ஜாயிண்ட்டை விரல்களால் பிடியுங்கள். ரேக் நகர்ந்த பிறகுதான் டை ராட் நகர்கிறது என்றால் அந்த இடைவெளி அங்கேயே தட்டுப்படும். சின்னக் குழியில் போகும்போதெல்லாம் கடகடவென்று வரும் சத்தத்துக்கு அடிக்கடி இது காரணமாக இருந்தும், வெளியே தெரியாததால் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து ரேக்கின் உடல். அதைப் பாடியோடு அல்லது சப் ஃபிரேமோடு பிடித்திருக்கும் கிளாம்ப், புஷ், போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்டீயரிங் ஆடும்போது ரேக் மொத்தமாக இடமும் வலமும் நகர்கிறதா? புஷ் ஊறிப்போய்விட்டது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. ஆயில் ஒழுகி ரப்பரில் ஊறிக்கொண்டே இருந்தால் புஷ் சீக்கிரம் கூழாகிவிடும், அப்போது புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு ஒழுகலை விட்டுவிட்டால் மறுபடியும் இதே நிலைதான். ரேக்கையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இந்தப் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மேலே ஸ்டீயரிங் காலத்துக்கும் ரேக்குக்கும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டையும் விடக் கூடாது. யு-ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். கோட்டின் ஒரு பாதி முன்னால் போய் மறுபாதி பின்னால் வந்தால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது பற்கள் உள்ள முனையை இறுக்கும் போல்ட் லூஸ். அந்தப் போல்ட் லூஸாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில வண்டிகளில் இந்த இடத்தில் ரப்பர் கப்ளிங் இருக்கும், அது வெடித்து நூல் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். காலத்தில் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில், மோட்டாருக்கும் வார்ம் கியருக்கும் நடுவில் உள்ள சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கப்ளிங் நொறுங்கினால் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து டக் டக்கென்று சத்தம் வரும். கீழே எந்த ஜாயிண்ட்டை மாற்றினாலும் அது போகாது.

இப்போது சக்கரத்தைத் தூக்குங்கள்

எஞ்சினை நிறுத்துங்கள். சமமான கெட்டித் தரை, பின் சக்கரத்துக்குக் கட்டை. மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ நுழைக்க வேண்டாம், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் வேண்டாம்.

சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் பிடித்து, உள்ளே ஒருவரை ஸ்டீயரிங்கை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். இந்தத் திசையில் மட்டும் தட்டல் இருந்தால் டை ராட்டின் வெளிப்பக்கம், உள்பக்கம், ரேக் இவற்றில் ஒன்று. தரையில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். பிறகு 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆடினால் பால் ஜாயிண்ட் மேல் சந்தேகம். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ஆடினால் வீல் பேரிங்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 12, 6-இல் ஆட்டிக்கொண்டே, உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும், நடுவில் இருக்கும் பேரிங்குக்கு ஆட வழி இருக்காது. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயிண்ட் அல்லது அதற்கு அப்பால். சக்கரத்தைக் கையால் சுற்றி, காயில் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வையுங்கள், கெட்ட பேரிங்கின் கரகரப்பு அதில் நன்றாகத் தெரியும்.

பால் ஜாயிண்ட் சோதனையில் எந்த இடத்தில் தூக்கினீர்கள் என்பது முடிவையே மாற்றும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு) வண்டியில் ஸ்பிரிங்கின் எடை ஸ்ட்ரட்டில்தான் இருக்கிறது, சக்கரம் தொங்கினாலே கீழ் ஜாயிண்ட் தளர்ந்துவிடும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் இருந்து ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால், அந்தக் கீழ் ஆர்முக்கு அடியிலேயே, ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் தாங்கித் தூக்க வேண்டும். பாடியில் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழுக்கத் தேய்ந்ததையும் நல்லதாகக் காட்டும். டயருக்கு அடியில் ஒரு நீளமான கம்பியைக் கொடுத்து மேலே நெம்பிப் பாருங்கள், ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் திறந்து மூடுகிறதா என்று ஜாயிண்ட்டிலேயே கண்ணை வையுங்கள்.

லோயர் ஆர்ம் புஷ்களையும் அதே கம்பியால் நெம்புங்கள், மென்மையாக. ரப்பர் வளைந்துகொடுப்பது இயல்பு. ரப்பர் இரும்பிலிருந்து விட்டுப்போயிருந்தால், அல்லது முழுசாகக் கிழிந்து நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பின் சக்கரங்களையும் ஒரு முறை இதேபோல் ஆட்டிப் பாருங்கள். பின்பக்கப் புஷ் போனால் வண்டியின் வால் தானாகத் திரும்பும், டிரைவருக்கு அது ஸ்டீயரிங் லூஸ் மாதிரியேதான் தெரியும்.

ரேக்கும், பழைய வகை ஸ்டீயரிங் பாக்ஸும்

இவ்வளவும் பார்த்து எங்கேயும் இல்லை, ஆனால் ஸ்டீயரிங் ஷாஃப்ட் சுற்றியும் ரேக் உடனே நகரவில்லை என்றால், அப்போதுதான் ரேக்கின் பற்களையும் பினியனையும் சந்தேகப்பட வேண்டும். ரேக்கைப் பினியன் மேல் அழுத்தி வைக்க ஸ்பிரிங் வைத்த ஒரு யோக்கும் அதற்கு ஒரு அட்ஜஸ்டர் நட்டும் உண்டு. அதைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ரேக் அதிகம் தேய்வது நேராக ஓட்டும் நடுப்பகுதியில், இரண்டு முனைகளும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் சரியாக வரும்படி இறுக்கினால், முழுசாகத் திருப்பும்போது முனையில் பிடித்துக்கொள்ளும், வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. அந்த நிலை ஆட்டத்தைவிட மோசம். மேனுவலில் உள்ள டார்க்கும், அதற்குப் பிறகு எவ்வளவு கோணம் தளர்த்த வேண்டும் என்ற அளவும் கையில் இல்லாமல் அந்த நட்டைத் தொடாதீர்கள்.

ரேக் இல்லாமல் ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள ஜீப், பழைய வேன் மாதிரி வண்டிகளில் பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், டிராக் லிங்க் என்று இணைப்புகள் கூடுதல். தரையில் செய்யும் அதே சோதனைதான், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட்டையும் வெளியே வரும் பிட்மேன் ஆர்மையும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஷாஃப்ட் சுற்றியும் ஆர்ம் சும்மா இருந்தால் பாக்ஸ். ஆர்ம் உடனே அசைந்தால் பாக்ஸை விட்டுவிட்டு லிங்க்குகளைத் தேடுங்கள். பாக்ஸின் மேலே உள்ள திருகை முதல் வேலையாக இறுக்குவது தப்பு.

எப்போது ஓட்டவே கூடாது

பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் எண்டிலோ கண்ணுக்குத் தெரியும் இடைவெளி, ஷாஃப்ட் போல்ட் லூஸ், டை ராட் எண்ட் நட்டில் ஸ்பிலிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) இல்லாமல் நட் தளர்ந்திருப்பது, நேற்றைவிட இன்று ஆட்டம் கூடியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும், டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. வண்டிக்குள் இருப்பவர்கள் மட்டுமா, எதிரே வருபவர்களும் இருக்கிறார்கள். பூட் மட்டும் கிழிந்து ஆட்டம் இல்லையென்றால் அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போக ஆரம்பித்துவிட்டதால் தள்ளிப்போடவும் கூடாது.

மாற்றும்போதும் அதன் பிறகும்

டை ராட் எண்ட்டைக் கழற்றுவதற்கு முன் லாக் நட் இருக்கும் இடத்தில் பெயிண்ட் வைத்து, கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றுக்குப் போட்டால் அலைன்மெண்ட் செய்யும் இடம் வரை ஓட்டிப் போகும் அளவுக்குச் சரியாக இருக்கும். நைலான் வளையம் உள்ள நட்டையும் ஸ்பிலிட் பின்னையும் புதிதாகவே போடுங்கள். கேஸில் நட்டில் (பின் நுழைய வெட்டுகள் உள்ள நட்) பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான், தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஷாஃப்ட்டையோ ரேக்கையோ பிரிக்க வேண்டி வந்தால் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள், அது தனியாகச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துபோகும்.

அலைன்மெண்ட்டுக்கு நேரம் இப்போதுதான். அதை முடித்ததும், ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் நடுப்புள்ளியைத் திரும்பப் பதிய வேண்டியிருக்கலாம், அங்கேயே கேளுங்கள். பிறகு அதே டேப், அதே அடையாளம், எஞ்சின் ஆன் செய்து மறுபடி அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் குறையவில்லை என்றால் ஆட்டம் இன்னும் வேறு எங்கேயோ இருக்கிறது, தரைச் சோதனையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். குறைந்திருந்தால் ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சில நாள் ஓடிய பிறகு கழற்றி மாட்டிய எல்லா நட்டையும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.